அறிவியல் பிள்ளைகளுக்குக் கசக்கிறதா? மூன்றாம் படிவத்தில் வீட்டுக்கு வரும் ஒரு பாரம்

தங்கா பத்து – மலாக்கா நகரிலிருந்து கடலோரச் சாலையில் மஸ்ஜிட் தானா நோக்கிப் போகிறவர்கள் தங்கா பத்து, சுங்கை ஊடாங் வட்டாரத்தைப் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை வைத்தே அடையாளம் சொல்வார்கள். 1994-ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய ஆலை அது. கச்சா எண்ணெயைச் சூடாக்கி, எந்தப் பொருள் எந்த வெப்பத்தில் ஆவியாகிறது என்பதை வைத்து சமையல் எரிவாயு, பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் எனத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். எஸ்.பி.எம். வேதியியல் புத்தகத்தில் படத்தோடு வருகிற பாடம் இது. அந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு அது பள்ளிப் பேருந்தின் சன்னலுக்கு வெளியே நிற்கிறது.

அதே சுங்கை ஊடாங் கடற்பகுதியில்தான் நாட்டின் முதல் திரவ இயற்கை எரிவாயு இறக்குமதி முனையம் 2013-இல் செயல்பட ஆரம்பித்தது. நகரத்தின் இன்னொரு பக்கம், பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தில் 1970-களிலிருந்தே மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. 1973-இல் சீமென்ஸ் தொடங்கிய ஆலை இன்று இன்ஃபினியோன். நேஷனல் செமிகண்டக்டர் ஆலை 2011-க்குப் பிறகு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வசம் உள்ளது. டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் யூதெம், லொண்டாங்கில் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி என உயர்கல்விக்கும் குறைவில்லை.

இத்தனையும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதே, மூன்றாம் படிவம் முடிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பலர் "எனக்கு அறிவியல் வேண்டாம்" என்று சொல்கிறார்கள். வீட்டில் உள்ளவர்களும் "அவனுக்கு அது வராது, விட்டுவிடுவோம்" என்று கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். இளையோருக்கு அறிவியலில் ஆர்வம் குறைந்து வருகிறது என்ற கவலை நாடு முழுவதும் பேசப்படுகிறது. ஆர்வம் உண்மையில் எந்த இடத்தில் குறைகிறது, அதற்குப் பெற்றோர் என்ன செய்ய முடியும் என்பதுதான் அதிகம் பேசப்படாமல் இருக்கிறது.

கணக்கு சொல்வது என்ன?

பள்ளி மாணவர்களில் 60 விழுக்காட்டினர் அறிவியல், தொழில்நுட்பப் பிரிவிலும் 40 விழுக்காட்டினர் கலைப் பிரிவிலும் இருக்க வேண்டும் என்பது மலேசியாவின் பழைய இலக்கு. 1967-ஆம் ஆண்டு உயர்கல்வித் திட்டமிடல் குழு முன்வைத்த இந்த 60:40 கொள்கை அரை நூற்றாண்டு கடந்தும் எட்டப்படவில்லை. கல்வியமைச்சின் கணக்குப்படி 2022-இல் இப்பிரிவு மாணவர்கள் ஏறக்குறைய 41 விழுக்காடு. 2023-இல் அது ஏறக்குறைய 46 விழுக்காடாகவும், 2024-இல் 50 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும் உயர்ந்தது.

இந்த ஏற்றம் நல்ல செய்திதான். ஆனால் இக்கணக்கில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுப்பவர்களோடு தொழில்நுட்பப் பாடங்கள், தொழிற்கல்விப் பாடங்கள் எடுப்பவர்களும் சேர்கிறார்கள். மருத்துவம், மருந்தியல், பொறியியல் பட்டப்படிப்புகளுக்கு நேர்வழியாக இருக்கும் தூய அறிவியல் மாணவர்கள் இதில் ஒரு பகுதியினர் மட்டுமே.

எண்ணிக்கையோடு தரமும் கவலை தருகிறது. உலக நாடுகளின் இரண்டாம் படிவ மாணவர்களை ஒப்பிடும் திம்ஸ் ஆய்வில், அறிவியலில் மலேசியா 2003-இல் 510 புள்ளிகள் பெற்றது. 2011-இல் அது 426-க்குச் சரிந்தது. இடையில் மீண்டு 2019-இல் 460 வரை வந்தது. 2023-இல் மீண்டும் 426. இந்த ஆய்வில் நடுப்புள்ளி 500. பதினைந்து வயதினரைச் சோதிக்கும் பீசா ஆய்வில் 2022-இல் மலேசியாவுக்கு அறிவியலில் கிடைத்தது 416, ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 485. இந்த மாணவர்கள் கோவிட் காலத்தில் மாதக்கணக்கில் வீட்டிலிருந்தே படித்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைப்பேசித் திரையில் பாடம் கேட்க முடிந்தது. ஆனால் சோதனைக் குழாயைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஆர்வம் செத்துவிட்டதா?

இல்லை. தமிழ்ப்பள்ளிகளில் நடக்கும் அறிவியல் விழாக்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அஸ்தி எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கச் சங்கம் நாடு தழுவிய நிலையில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் விழா நடத்தி வருகிறது. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் ஒரு கேள்வியைத் தாங்களே எடுத்துக்கொண்டு, பரிசோதனை செய்து, அளந்து, அட்டையில் எழுதி வைத்து, வருகிற நடுவர்களுக்கு விளக்குகிறார்கள். தமிழ்ப்பள்ளிக் குழுக்கள் வெளிநாட்டுப் புத்தாக்கப் போட்டிகளுக்குச் சென்று பதக்கத்தோடு திரும்பும் செய்தியும் தமிழ் நாளேடுகளில் அடிக்கடி வருகிறது.

அப்படியானால் ஐந்தாம் ஆண்டில் அட்டையின் முன் நின்று ஓயாமல் பேசிய பிள்ளை, மூன்றாம் படிவத்தில் ஏன் பின்வாங்குகிறது?

இங்கிலாந்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த லூயிஸ் ஆர்ச்சர் குழுவினர், 10 முதல் 14 வயது வரை பிள்ளைகளைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வின் அறிக்கை 2013-இல் வெளிவந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அறிவியல் பாடம் பிடிக்கும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அறிவியலாளராக விரும்பியவர்கள் ஏறக்குறைய 15 விழுக்காடு மட்டுமே. "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை" என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. குடும்பத்திலோ உறவிலோ அறிவியல் சார்ந்த வேலை செய்கிறவர் இருக்கிறாரா, வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு நடக்கிறதா என்பது பிள்ளையின் விருப்பத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அக்குழு கண்டது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அறிவியல் மூலதனம்'.

நார்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று ஏறத்தாழ 40 நாடுகளில் நடத்திய 'ரோஸ்' ஆய்வில் மலேசியாவும் பங்கெடுத்தது. நாடு வசதி பெறப் பெற, பள்ளி அறிவியல் மீது பதினைந்து வயதினருக்கு உள்ள ஈர்ப்பு குறைகிறது என்பது அதன் முக்கிய முடிவு. ஏழை நாட்டுப் பிள்ளைக்கு அறிவியல் என்பது வறுமையிலிருந்து வெளியேறும் கதவு. வசதியான நாட்டுப் பிள்ளைக்கு அது பல பாடங்களில் ஒன்று, அதிலும் சிரமமான ஒன்று. மலேசியா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தோட்டத்திலிருந்து வெளியேறி, அடுக்குமாடியிலும் தாமானிலும் குடியேறிய இந்தியக் குடும்பங்களின் நிலையும் அதுதான். பழைய நெருக்கடி முழுதாக விலகவில்லை. அதிலிருந்து வெளியேறும் வழி படிப்பு என்ற பழைய உறுதியோ தளர்ந்துவிட்டது.

முதல் சறுக்கல்: மொழி மாறும் இடம்

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஆறு ஆண்டுகள் 'ஒளிச்சேர்க்கை', 'உராய்வு', 'அடர்த்தி', 'ஆவியாதல்' என்று படிக்கிறது. இடைநிலைப்பள்ளியில் காலடி வைத்ததும் அவை 'ஃபோட்டோசிந்தெசிஸ்', 'கெசெரான்', 'கெதும்பாத்தான்', 'பெஞெஜாத்தான்' ஆகிவிடுகின்றன. இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளியானால் அவையே ஆங்கிலத்தில் வரும். பிள்ளைக்கு விஷயம் தெரியும், சொல் தெரியாது. ஆசிரியர் கேட்கும்போது வாய் திறக்கத் தயங்கும். சில மாதங்கள் தயங்கினால் வகுப்பும் ஆசிரியரும், கடைசியில் பிள்ளையுமே, 'இதற்கு அறிவியல் வராது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். மலாய்மொழியில் தேவையான தேர்ச்சி இல்லையென்று புகுமுக வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு இந்தத் தயக்கம் இன்னும் கூடுதல்.

கொள்கை அடிக்கடி மாறியதும் உதவவில்லை. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன, தமிழ்ப்பள்ளிகளும் மாறின. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் பாடம் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. 2016-இல் இருமொழித் திட்டம் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளில் அது வேண்டுமா என்பதில் சமுதாயமே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. ஒரே வீட்டில் அண்ணன் ஆங்கிலத்திலும் தம்பி தமிழிலும் அறிவியல் படித்திருப்பார்கள். அண்ணனின் பயிற்சி நூல் தம்பிக்குப் பயன்பட்டிருக்காது.

தாய்மொழியில் முதலில் புரிந்துகொண்டது வீண் போவதில்லை. நீரில் எது மிதக்கும், எது மூழ்கும் என்பதைத் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளை அதை மலாயில் மறுபடி புரிந்துகொள்ள வேண்டியதில்லை. சொல்லை மட்டும் மாற்றினால் போதும். அந்தச் சொல் மாற்றத்துக்கு உதவ ஆளில்லாமல் போவதுதான் சிக்கல்.

இரண்டாம் சறுக்கல்: பூட்டிய ஆய்வுக்கூடம்

அறிவியல் கையால் செய்து கற்கும் பாடம். 1999 முதல் எஸ்.பி.எம். செய்முறைத் தேர்வுக்குப் பதிலாகப் பள்ளியிலேயே மதிப்பிடும் 'பேக்கா' முறை வந்தது. மதிப்பெண் பள்ளியிலேயே போடப்பட்டதால், செய்முறை பல இடங்களில் குறிப்பேட்டில் எழுதும் வேலையாகச் சுருங்கியது என்ற குறை நெடுநாள் இருந்தது. 2021 எஸ்.பி.எம். முதல் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வு மூன்றாம் தாளாகத் திரும்ப வந்துள்ளது. ஆனால் நான்காம் படிவத்துக்கு வந்த பிறகுதான் முதன்முறையாகக் கருவியைத் தொடுகிற பிள்ளைக்கு அந்தத் தாள் பயத்தையே தரும்.

எச்சரிக்கை மணிகளும் குறைந்தன. யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் ரத்தானது, பி.டி.3 தேர்வு 2022-இல் ரத்தானது. தேர்வு நெருக்கடி குறைந்தது நல்லதே. ஆனால் ஆறாம் ஆண்டிலும் மூன்றாம் படிவத்திலும் 'அறிவியலில் இவ்வளவுதான்' என்று வெளியிலிருந்து ஒரு தாள் வந்து சொல்லும். அதைப் பார்த்துப் பெற்றோர் டியூஷன் தேடுவார்கள். பள்ளி நடத்தும் ஆண்டிறுதித் தேர்வின் முடிவை அதே கவனத்தோடு பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் வரவில்லை.

மூன்றாம் சறுக்கல்: அந்தப் பாரம்

2020 முதல் நான்காம் படிவத்தில் 'அறிவியல் பிரிவு', 'கலைப் பிரிவு' என்ற பழைய பிரிவினை இல்லை. பாடத் தொகுப்புகள் இருக்கின்றன. இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகியவை சேர்ந்த தொகுப்பு ஒன்று. ஓரிரு தூய அறிவியல் பாடங்களோடு கணினி அறிவியல் போன்றவை சேர்ந்த தொகுப்புகள் உண்டு. தொழில்நுட்பம், தொழிற்கல்வி சார்ந்தவை உண்டு. கலை, மானுடவியல் தொகுப்பும் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாத் தொகுப்பும் கிடைக்காது. ஆசிரியர், ஆய்வுக்கூடம், மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தது அது.

மூன்றாம் படிவ இறுதியில் இதற்கான விருப்பப் பாரம் வீட்டுக்கு வருகிறது. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை, பெரும்பாலும் நண்பன் எதை எடுக்கிறான் என்று பார்த்து, அதில் குறியிடுகிறது. அந்தக் குறி எந்தக் கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரிவதில்லை.

வேதியியலும் உயிரியலும் இல்லாமல் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் பக்கம் போக முடியாது. இயற்பியலும் கூடுதல் கணிதமும் இல்லாமல் பொறியியல் பட்டப்படிப்புக்குப் போவது மிகக் கடினம். மெட்ரிகுலேஷன் அறிவியல் பிரிவுக்கும் இவையே அடிப்படை. ஆறாம் படிவத்தில் சேர்ந்து சரிசெய்துகொள்ளலாம் என்றால், எல்லா ஆறாம் படிவ மையங்களிலும் அறிவியல் பிரிவு கிடையாது. போலிடெக்னிக், தொழிற்கல்லூரி, திறன் பயிற்சிக் கழகங்களில் நிபந்தனை சற்றுத் தளர்வானது. ஆனால் அங்கும் நல்ல தொழில்நுட்பத் துறைகளில் நுழையக் கணிதத்திலும் ஏதாவது ஓர் அறிவியல் பாடத்திலும் தேர்ச்சி தேவைப்படும்.

சுருக்கமாகச் சொன்னால், அறிவியல் எடுத்தவர் பிறகு கணக்கியலுக்கோ சட்டத்துக்கோ மாறலாம். அறிவியல் எடுக்காதவர் பிறகு பொறியியலுக்கு மாறுவது அபூர்வம்.

நான்காம் சறுக்கல்: "படித்து என்ன பயன்?"

இது சோம்பேறித்தனத்தில் பிறக்கும் கேள்வி இல்லை. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்ற பங்கீடு இந்திய மாணவர்களின் மனத்தில் நெடுங்கால உறுத்தல். 2019-இல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் பங்கீடு மாறவில்லை. நல்ல தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காத அண்ணனையோ அக்காவையோ பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கூடுதல் கணிதத்தோடு இரண்டாண்டு போராட மனம் வருமா? 10 ஏ-வும் அதற்கு மேலும் பெறுகிற எல்லா மாணவர்களுக்கும், இன வேறுபாடின்றி, மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. முன்வரிசை மாணவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதற்குக் கீழே நிற்கும் ஏழெட்டு ஏ மாணவர்களின் கவலை அப்படியே இருக்கிறது.

சம்பளமும் ஒரு காரணம். உற்பத்தித் திறனோடு ஒப்பிட்டால் மலேசியத் தொழிலாளர்கள் குறைவான ஊதியமே பெறுகிறார்கள் என்று நாட்டின் மத்திய வங்கியே 2018 ஆண்டறிக்கையில் குறிப்பிட்டது. நான்காண்டு பொறியியல் படித்தவரின் முதல் சம்பளத்தையும், எஸ்.பி.எம். முடித்ததும் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் நண்பனின் இம்மாத வருமானத்தையும் இளைஞர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பத்தாண்டு கழித்து இரண்டு சம்பளமும் எங்கே நிற்கும், உடம்புக்கு முடியாமல் போனால் எந்த வேலை கைகொடுக்கும் என்ற கணக்கை அவர்களோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்பவர் இல்லை.

தோட்டத்தில் இருந்த அறிவியல்

அறிவியல் நமக்குப் புதிது, பரம்பரையில் இல்லாதது என்ற எண்ணமும் பல வீடுகளில் உண்டு. மலாக்காவில் அப்படிச் சொல்வது பொருந்தாது. 1896-இல் தான் சாய் யான் என்பவர் வணிக நோக்கில் முதன்முதலாகப் பால்மரம் நட்டது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையை மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் எச்.என். ரிட்லி ஆராய்ந்து காட்டினார். அந்த முறையை ஆண்டுக்கணக்கில் கையில் உளியோடு செய்து காட்டியவர்கள் தோட்டத்துத் தமிழர்கள்.

ஏன் விடியுமுன்னே பால் வெட்டினார்கள்? இரவில் இலைகள் நீரை அதிகம் வெளியேற்றுவதில்லை. அதனால் பட்டைக்குள் உள்ள பால் குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் மிகுதி. பால் நன்றாக வழியும். வெயில் ஏறினால் அழுத்தம் குறையும், மங்கில் விழும் பாலும் குறையும். உளி ஆழமாகப் பட்டால் பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் காயப்படும். அந்த இடத்தில் மரம் முடிச்சு விழும். பாலில் அமோனியா விட்டால் அது உறையாமல் இருக்கும். ஃபார்மிக் அமிலம் விட்டால் உறையும். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டு ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலம் அதைச் சமன் செய்ததும் அவை ஒட்டிக்கொள்கின்றன. தாத்தாவும் பாட்டியும் லயத்து வாசலில் சொன்ன கதைகளில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் இருந்தன. அவற்றை யாரும் அந்தப் பெயரில் சொல்லவில்லை.

பால்மரத்தின் இடத்தில் செம்பனை வந்தபோதும் இது தொடர்ந்தது. செம்பனைப் பழத்தின் ஓடு தடிப்பா மெல்லிதா என்பதைப் பொறுத்தே எண்ணெயின் அளவு அமையும். கன்று நட்டுச் சில ஆண்டுகள் கழித்துக் காய்த்த பிறகுதான் அதைக் கண்டுகொள்ள முடிந்தது. அந்த ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டறிந்த மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வு, 2013-இல் உலகப் புகழ்பெற்ற 'நேச்சர்' இதழில் வெளியானது. நாற்றங்காலிலேயே கன்றின் வகையைச் சோதித்துத் தெரிந்துகொள்ள அது வழிவகுத்தது. அந்தக் குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் பணியில் மகாலெட்சுமி அருஜனன் பன்னாட்டு அங்கீகாரம் பெற்றவர். நாட்டின் முதல் அறிவியல் செய்தித்தாளாகக் கருதப்படும் 'தி பெட்ரி டிஷ்' இதழை நிறுவியவர். இருவரும் பெண்கள், இருவரும் இந்நாட்டவர். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டாமா?

வீட்டிலும் ஊரிலும் செய்யக்கூடியவை

முதலாவது, மும்மொழிச் சொல் குறிப்பேடு. ஆறாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை மூன்று பத்தியாகக் கோடிட்டு, அறிவியல் பாடத்தின் முக்கியச் சொற்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுத வைக்கலாம். நாளுக்குப் பத்துச் சொல் என்றால் ஒரு மாதத்தில் முந்நூறு சொற்கள். முதலாம் படிவத்தில் ஏற்படும் தயக்கத்தில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்களே சொல்லிக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி: "எங்கள் பிள்ளைகள் இந்த ஆண்டு எத்தனை முறை ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள்?" கட்டடம், சாயம், கூரை பற்றிக் கேட்கும் அக்கறையோடு இதையும் கேட்டால், பழுதான கருவியும் பூட்டிய கதவும் பள்ளியின் கவனத்துக்கு வரும்.

மூன்றாவது, மூன்றாம் படிவத்தின் தொடக்கத்திலேயே பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பார்ப்பது. எந்தத் தொகுப்புகள் உள்ளன, எந்த மதிப்பெண் தேவை, விரும்பிய தொகுப்பு அந்தப் பள்ளியில் இல்லையென்றால் மாற்றுவழி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அப்போது நேரம் இருக்கும். பாரம் வந்த பிறகு கேட்டால் நேரம் இருக்காது.

நான்காவது, உள்ளே வேலை செய்கிறவரைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவது. சுத்திகரிப்பு ஆலையிலும் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் தொழில்நுட்பராக, ஆய்வுக்கூட உதவியாளராக, பொறியியலாளராக வேலை செய்யும் நம்மவர்கள் மலாக்காவில் இருக்கிறார்கள். கோயில் மண்டபத்திலோ இளைஞர் மன்றத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவரை அழைத்து, காலை முதல் மாலை வரை என்ன வேலை, எப்படிப் படித்தார், எங்கே தடுக்கி விழுந்தார், எவ்வளவு சம்பளம் என்று பிள்ளைகள் கேட்க விட்டால் போதும். லண்டன் ஆய்வு சொன்ன 'அறிவியல் மூலதனம்' காசில்லாமல் கிடைக்கும் வழி இது.

ஐந்தாவது, கூட்டு டியூஷன். 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையம், சமுதாயம் ஒன்று சேர்ந்தால் பிள்ளைகளின் படிப்பை எந்த அளவுக்குத் தூக்கிவிட முடியும் என்பதை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. கூடுதல் கணிதத்துக்குத் தனி டியூஷன் கட்டணம் பல குடும்பங்களுக்குச் சுமை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆசிரியரையோ, யூதெம் போன்ற பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர் ஒருவரையோ ஏற்பாடு செய்தால் சுமை குறையும். படிக்கும் பிள்ளைக்குத் துணையும் கிடைக்கும்.

ஆறாவது, பார்க்க அழைத்துச் செல்வது. கோலாலம்பூரின் தேசிய அறிவியல் மையமும் பெட்ரோசைன்ஸும் மலாக்காவிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஒரு முறை போய்வரலாம். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு, தங்கா பத்துவுக்கு வடக்கே தஞ்சோங் பிடாராவில் அல்-குவாரிஸ்மி வானியல் வளாகம் இருக்கிறது. கடற்கரைக்குக் குளிக்கப் போகிற குடும்பம், பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால், பிள்ளைக்குக் கடலோடு வானத்தையும் காட்டிவிட்டு வரலாம்.

எல்லாப் பிள்ளையும் அறிவியலுக்குத்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஓவியத்திலோ கணக்கியலிலோ சமையற்கலையிலோ மனம் உள்ள பிள்ளையை இயற்பியல் வகுப்பில் தள்ளுவதும் தவறே. ஆனால் பிடிக்காமல் விலகுவது வேறு, சொல் புரியாமலும், கருவியைத் தொடாமலும், உள்ளே யாரையும் தெரியாமலும் விலகுவது வேறு. இரண்டாவது வகையில் விலகும் பிள்ளைகளைத்தான் தடுக்க முடியும், தடுக்கவும் வேண்டும்.

இந்த ஆண்டு மூன்றாம் படிவத்தில் இருக்கும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு அந்தப் பாரம் ஆண்டிறுதியில் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன், ஒரு மாலை தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து, "எதனால் வேண்டாம் என்கிறாய்?" என்று கேட்டுப் பார்க்கட்டும். கிடைக்கும் பதில் "பிடிக்கவில்லை" என்பதா, "புரியவில்லை" என்பதா என்று தெரிந்துவிடும். புரியவில்லை என்றால் அதற்கு மருந்து உண்டு. பாரத்தில் குறியிட இன்னும் நாளும் இருக்கிறது.